காதைப் பொத்திக்கொண்டு கண்டிக்கோட்டா

முப்பத்தோரு வருடம் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தேன். முப்பத்தோரு வருடமும் ஒரே பொய்யைச் சொன்னேன். ஓய்வு பெற்ற மறு வருடம், அந்தப் பொய்யை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்று ஆந்திராவுக்கு ஒருநாள் சுற்றுலா கிளம்பினேன். போன இடத்தில் என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன்னால் பொய்யைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. எனக்கு வயது இருபத்தேழு, பார்க்க அதைவிடச் சின்னவளாக இருப்பேன். எட்டாவது ‘பி’ பிரிவில் என்னைவிட உயரமான பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். ஆறு எப்படிப் பாறையை அறுத்துக்கொண்டு போகிறது என்பது பாடம். கரும்பலகையில் ஆங்கில ‘V’ மாதிரி இரண்டு கோடு இழுத்து, அடியில் நீல சாக்பீஸால் ஆறு வரைந்து, "இதுதான் ஆழ்பள்ளத்தாக்கு. அமெரிக்காவுல பெருசா ஒண்ணு இருக்கு. நம்ம பக்கத்துலயே ஆந்திராவுல கண்டிக்கோட்டான்னு ஒரு இடத்துல இருக்கு" என்றேன். மளிகைக் கடையில் கடுகு பொட்டலம் கட்டிக் கொடுத்த வார இதழ்த் தாளில் படித்தது அது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த நாலு பேரில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"மிஸ், நீங்க நேர்ல பாத்துக்கீறீங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் நின்ற நிற்பும், பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திச் சிரித்ததும் எனக்கு எரிச்சலைக் கிளப்பிவிட்டன. "பாத்திருக்கேன்" என்றேன். சொன்னதோடு நிறுத்தினேனா என்றால் இல்லை. "கிட்டப் போனாலே ஆத்துச் சத்தம் காதைக் கிழிக்கும். ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டுதான் நிக்கணும்" என்று ஒரு போடு போட்டேன். அறுபது பெண்களும் யாரும் சொல்லாமலே காதைப் பொத்திக்கொண்டார்கள். அந்த வகுப்பு எனக்கு முதல்முறையாக அடங்கியது அந்த நிமிடத்தில்தான். புது வாத்தியாருக்கு இப்படி ஒரு வித்தை கிடைத்தால் லேசில் விடமாட்டார். நானும் விடவில்லை.

அடுத்த வருடமும் அதே பொய், அதே சத்தம். போகப் போக அது பாடத்தின் செய்முறைப் பகுதியாகவே ஆகிவிட்டது. நான் மேசைக்குப் பின்னால் நின்று "ஹோ" என்று ஆற்றைப் போல இரைவேன், வகுப்பே காதைப் பொத்திக்கொள்ளும். பக்கத்து அறைக் கணக்கு டீச்சர் இரண்டு முறை தலைமையாசிரியையிடம் புகார் சொன்னாள். அதற்கும் நான் அசரவில்லை.

எனக்கு உறுத்தியது ஓய்வு பெற்ற அன்றுதான். பழைய மாணவி ஒருத்தி மைக்கைப் பிடித்து, "எங்க மிஸ் புஸ்தகத்தைப் பாத்து நடத்த மாட்டாங்க, நேர்ல பாத்ததைத்தான் நடத்துவாங்க" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கழுத்தில் போட்டிருந்த ரோஜா மாலை சட்டென்று கனத்துவிட்டது. இரவில் படுத்தால் அந்தக் கைதட்டல்தான் கேட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், கணக்கு நேராகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் செய்தித்தாளுக்குள் அந்த நோட்டீஸ் வந்தது. ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்! பாலைவனம் போன்ற செம்மண் பூமியில் பிரம்மாண்டப் பள்ளத்தாக்கு! ஒரே நாளில்! சிற்றுண்டி, மதிய உணவு, அனுபவமுள்ள கைடு உண்டு.’ மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் குறித்திருந்தார்கள். நடத்துவது தாம்பரத்தில் நவக்கிரகக் கோயில்களுக்கும் அறுபடை வீடுகளுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்கிற சின்ன டிராவல்ஸ்.

என் கணவரிடம் நீட்டினேன். அவர் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார், அதிலும் பாதியைத்தான் நம்புவார்.

"கல்லும் பள்ளமும் பாக்க ஆந்திராவுக்கு ஏம்மா போகணும்? பல்லாவரம் குவாரிக்குப் பஸ்ஸுல பத்து நிமிஷம். கீழ தண்ணி கூட நிக்குது."

"அது குவாரிங்க. மனுஷன் வெட்டினது. இது ஆறு வெட்டினது."

"யாரு வெட்டினா என்ன, பள்ளம் பள்ளம்தானே. கீழ்க்கட்டளையில மெட்ரோவுக்குத் தோண்டி வெச்சிருக்கான் பாரு, நம்ம வீட்டு மாடியிலேர்ந்தே தெரியுது. டீயைக் குடிச்சிக்கிட்டே பாக்கலாம்."

இப்படிப் பேசிவிட்டு, தன் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொன்னார். மதியச் சாப்பாட்டில் புளியோதரை உண்டு என்பதை அவர் நோட்டீஸின் கடைசி வரியில் பார்த்துவிட்டிருந்தார்.

அதிகாலை நாலு மணிக்கு மேற்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினோம். நாற்பது பேர் இருக்கும். ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் முன் சீட்டிலிருந்து ஒரு பெண் திரும்பினாள்.

"மிஸ்! என்னைத் தெர்லயா மிஸ்? எட்டாவது பி! உங்க கையால ஸ்கேல்ல அடி வாங்கிக்கீறேன் மிஸ்!"

நாற்பத்தைந்து வயதை நெருங்கியவள். பள்ளிக்கரணையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறாளாம். முகம் நினைவுக்கு வரவில்லை, ஆனால் குரல் வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்குக் கேட்கும்படி ரகசியம் பேசுகிற குரல். அந்தக் குரல் இப்போது முழு பஸ்ஸுக்கும் கேட்டது.

"நீங்க சொன்னதைக் கேட்டதிலேர்ந்து எனக்கு இந்த எடத்தைப் பாக்கணும்னு மிஸ். நோட்டீஸைப் பாத்ததும் கடையை வூட்டுக்காரர் தலையில கட்டிட்டு வந்துட்டேன். நீங்களே வந்துகீறீங்க! சார், சார், கைடு சார், எங்க மிஸ் இங்க ஏற்கெனவே போயிட்டு வந்தவங்க சார்!"

கைடு முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள். நெற்றியில் திருநீறு, கழுத்தில் விசில். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். சீட்டுக்கு அருகில் குனிந்து, "மேடம், உண்மையைச் சொல்றேன். நமக்குக் கோயில் லைன்தான். இந்த லைன் புதுசு. நான் அந்த இடத்தைப் பாத்ததே இல்ல. நல்லவேளை, நீங்க இருக்கீங்க" என்றார். அனுபவமுள்ள கைடு என்று நோட்டீஸில் போட்டிருந்தது என்னைப் பற்றித்தான் போல.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மைக்கைப் பிடித்துவிட்டார். "பக்தகோடிகளே... மன்னிக்கணும், பயணிகளே! நம்மகூட ஒரு டீச்சரம்மா வராங்க. பள்ளத்தாக்கை ஏற்கெனவே தரிசனம் பண்ணவங்க. என்ன சந்தேகம்னாலும் கேட்டுக்கலாம்."

என் கணவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரியும், நான் திருப்பதிக்கு வடக்கே காலை வைத்ததில்லை என்று. அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதுதான் தப்பாகப் போயிற்று. வழி நெடுகிலும் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டுக்கொண்டே வந்தார். "டீச்சரம்மா, போன தடவை போனப்ப ரோடு எப்படி இருந்தது?" "டீச்சரம்மா, அங்க நல்ல காபி கிடைக்குமா?" மனுஷனுக்கு நாற்பது வருட வஞ்சம் அத்தனையையும் தீர்த்துக்கொள்ள ஒரே பஸ் கிடைத்துவிட்டது.

அதற்குள் என் மாணவி, பள்ளத்தாக்கைப் பார்க்கும் முறையை மொத்த பஸ்ஸுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். "கிட்டப் போனதும் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கணும். இல்லன்னா பேஜாராயிடும். அவ்ளோ சவுண்டு!" திருவள்ளூர் தாண்டும்போது, அரைத் தூக்கத்தில் இருந்த ஒருவர் உட்படப் பஸ்ஸே ஒத்திகை பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கே சத்தம் இருக்குமா என்பது எனக்குத் தெரியாது. இருக்க வேண்டும் என்று ஆற்றை வேண்டிக்கொண்டேன்.

கோயில் லைன் என்றால் என்னவென்று திருப்பதி வந்ததும் தெரிந்தது. நேராகக் கடப்பை ரோட்டில் போக வேண்டிய டிரைவர் வண்டியைத் திருப்பி, மலையடிவாரம் வரைக்கும் போய் நின்றார். பாதிப் பேர் "கோவிந்தா" போட்டுவிட்டுப் பையைத் தேட ஆரம்பித்தார்கள். "சார், இது திருப்பதி! நாம போறது கண்டிக்கோட்டா!" என்று கத்தியது நான் ஒருத்திதான். டிரைவர் நாக்கைக் கடித்தார். "இருவது வருஷமா ஓட்டறேன் மேடம். இங்க வந்தா கை தானா திரும்பிடுது."

வண்டியைத் திருப்புவது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. "வந்தது வந்துட்டோம், ஒரு எட்டு மேல போயிட்டு வந்துடலாமே" என்று ஒரு கட்சி கிளம்பியது. அந்த ஒரு எட்டுக்கு இரண்டு நாள் ஆகும் என்று கைடு விளக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வேண்டாம் என்று சொன்ன என்னைச் சில பேர் பார்த்த பார்வை இருக்கிறதே, சாமி இல்லை என்று சொன்னவளைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

அவர்களைச் சமாதானப்படுத்தத்தான் கைடு வழியில் ஒண்டிமிட்டா ராமர் கோயிலில் நிறுத்தினார். அங்கே அவருடைய தொழில் நேர்த்தியைப் பார்த்தேன். முன்பு ஏதோ ஒரு டூரில் யாருடைய செருப்போ தொலைந்து, அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்களாம். அதிலிருந்து முதல் கோயிலிலேயே எல்லார் செருப்பையும் கழற்றச் சொல்லி, இரண்டு சாக்கில் போட்டுக் கட்டி, டிக்கியில் பூட்டிவிடுவார். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டோக்கன். தாம்பரத்தில் இறங்கும்போது டோக்கனைக் கொடுத்தால் செருப்பு. நடுவில் கிடையாது. எனக்கு இருபத்தேழாம் நம்பர் கிடைத்தது, பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது என் மாணவி கடை வியாபாரத்துக்கென்று கருப்புக் கயிற்றுக் கட்டு ஒன்று வாங்கினாள். இப்போதெல்லாம் காலேஜ் பெண்கள் கணுக்காலில் கட்டிக்கொள்கிறார்களே, அந்தக் கயிறு. சாமி சன்னதியில் வாங்கியது என்றால் சீக்கிரம் விற்றுப்போகும் என்றாள்.

இரண்டரை மணிக்குக் கண்டிக்கோட்டா வந்தது. சுற்றிலும் முள்ளுச் செடியும் சிவந்த கல்லுமாக நிலம் வெந்துகொண்டிருந்தது. கோட்டை வாசல் தாண்டி ஒரு வேப்பமரத்து நிழலில் பஸ் நின்றது. கைடு விசில் ஊதினார்.

"எல்லாரும் இறங்கலாம். செருப்பு வண்டியிலயே இருக்கட்டும், பயம் வேணாம். சாப்பாட்டுக் கேனை இறக்கியாச்சு. சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் தரிசனம். நாலரைக்கு வண்டி இதே மரத்தடிக்கு வரும்."

நாங்கள் இறங்கினோம். டிரைவர் பின்சக்கரத்துக்குப் பஞ்சர் போட வேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுனுக்குப் போய்விட்டார். இரண்டு சாக்குச் செருப்பும் அவரோடு போயின.

இதில் எனக்குத்தான் மிகவும் அவமானம். பாறை பகலில் எப்படிச் சூடேறும், வறண்ட பூமியில் அது எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று முப்பத்தோரு வருடம் படம் போட்டு விளக்கியவள் நான். அந்த நானே வெறுங்காலோடு சமர்த்தாக வரிசையில் இறங்கினேன். கைடு விசில் ஊதினார், கால் இறங்கியது. நாற்பது பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. கோயில் டூரில் போய்ப் பழகியவர்களுக்குப் பஸ்ஸிலிருந்து இறங்குவது என்றால் செருப்பில்லாமல் இறங்குவதுதான்.

மரத்தடியில் பாக்குமட்டைத் தட்டில் புளியோதரை சாப்பிடும்வரை ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்த ஒருவர் கை கழுவ நிழலை விட்டு நாலடி வைத்தார். வைத்த வேகத்திலேயே "அய்யோ" என்று துள்ளிக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள்.

கைடு டிரைவருக்குப் போன் போட்டார். சிக்னல் இல்லை. பள்ளத்தாக்கு, பாழடைந்த பழைய மண்டபங்களைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவே நானூறு ஐந்நூறு அடி நடந்தால் வரும் என்று ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கையைக் காட்டினார். அவர் காலில் டயர் செருப்பு போட்டிருந்தார். நாற்பது பேரும் அதைப் பொறாமையோடு பார்த்தோம்.

"டோக்கன் பத்திரமா இருக்குல்ல?" என்றார் என் கணவர். "அதைக் கால்ல மாட்டிக்கோ."

கைடு பாவம், வியர்த்து ஊற்றியது. "மேடம், கோச்சுக்காதீங்க. போன்ல போட்டோ வெச்சிருக்கேன். அதைப் பெருசு பண்ணிக் காட்டிடறேன். நீங்க பக்கத்துல நின்னு விளக்கம் சொல்லிடுங்க. இங்கயே தரிசனம் முடிச்சிடலாம்."

உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போகாவிட்டால் சத்தம் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. என் மானம் அப்படியே தாம்பரத்துக்குத் திரும்பிவிடும். இப்படி நினைத்துக்கொண்டே அந்தப் போனைப் பார்த்தேன். கட்டை விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புப் பள்ளம். கடுகு பொட்டலத்துத் தாளில் இருந்த படமும் இதே அளவுதான். எனக்குத் திடீரென்று கோபம் வந்தது. கைடு மேல் இல்லை, என் மேல்தான். ஐந்நூறு அடி தள்ளி நிஜம் இருக்கும்போது இன்னொரு படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகவா இவ்வளவு தூரம் வந்தேன்?

பாக்குமட்டைத் தட்டுக் கட்டில் நிறைய மிச்சம் இருந்தது. இரண்டை எடுத்துக் கீழே போட்டேன். ஏறி நின்றேன். சுடவில்லை. "உன் கயிறை எடு" என்றேன் மாணவியிடம்.

"மிஸ், யாவாரத்துக்கு வாங்கினது மிஸ்."

"எடுடி!"

முப்பத்தோரு வருடக் குரல் அது. கட்டைப் பிரித்து நீட்டிவிட்டாள். ஒரு அம்மா மட்டும், "சாமி கயிறாச்சே, கால்ல கட்டலாமா?" என்று இழுத்தார். "கருப்புக் கயிறு கால்லதானே ஆன்ட்டி கட்டுறாங்க" என்று என் மாணவியே பதில் சொல்லி, குனிந்து என் பாதத்தில் தட்டை வைத்து, இறுக்கமாக முடிச்சுப் போட்டாள். கடைக்காரி அல்லவா, முடிச்சு நன்றாக நின்றது.

நான் பத்தடி நடந்து காட்டினேன். தட்டு பாறையில் சட் சட் என்று அடித்தது. வாத்து மாதிரி காலை அகட்டி வைக்க வேண்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் தட்டுக் கட்டை நோக்கிப் பாய்ந்தார்கள். புதுத் தட்டு கிடைக்காதவர்கள் சாப்பிட்ட தட்டையே துடைத்துக் கட்டிக்கொண்டார்கள். என் கணவர் தன் தட்டைத் துடைக்கக்கூட இல்லை. வழி முழுக்க அவர் பின்னால் இரண்டு ஆடுகள் முகர்ந்துகொண்டே வந்தன.

நாற்பது பேர் காலில் தட்டைக் கட்டிக்கொண்டு அந்த வெயிலில் போன ஊர்வலத்தை நல்லவேளையாக யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவர்கள் எல்லோரும் ஊர்வலத்தில்தான் இருந்தார்கள். பாறைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இன்னும் கிட்டப் போனால் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"எல்லாரும் காதைப் பொத்திக்கோங்க!" என்று பின்னாலிருந்து என் மாணவி கத்தினாள். நாற்பது பேரும் பொத்திக்கொண்டார்கள். கைடும் விசிலைப் பல்லில் கடித்தபடி பொத்திக்கொண்டார். என் கணவர் என்னைப் பார்த்தபடியே, ஒவ்வொரு கையாக நிதானமாக உயர்த்திப் பொத்திக்கொண்டார். அந்தக் கோலத்தில் நாங்கள் விளிம்புக்கு வந்து சேர்ந்தோம்.

பள்ளத்தாக்கு இருந்தது. நான் முப்பத்தோரு வருடம் வரைந்த ‘V’ மாதிரி இல்லை. சுவர்கள் நேராக நின்றன. செங்கல் சூளையில் அடுக்கியதுபோல் சிவப்புப் பாறை வரிசை வரிசையாக, இந்தப் பக்கமும் எதிர்ப்பக்கமும். அடியில், எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற ஆழத்தில், பச்சைத் தண்ணீர் வளைந்து கிடந்தது. எங்கோ கீழே அணை கட்டியிருப்பதால் தேங்கி நிற்கிறதாம். அது அசையவே இல்லை.

நான் மட்டும் காதைப் பொத்தவில்லை. சத்தம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒன்றுமே இல்லை. கீழ்க்கட்டளை வீட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு விமானம் தலைக்கு மேல் போகும், அது போனால் லாரி, அது நின்றால் பக்கத்து வீட்டு மோட்டார். இவ்வளவு அமைதியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. என் பின்னால் நாற்பது பேர் அந்த அமைதியின் முன்னால் காதை இறுகப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

முதலில் கையை எடுத்தது என் மாணவிதான். ஒரு கையை எடுத்தாள், மறுபடி பொத்தினாள், மறுபடி எடுத்தாள். காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தாள். என் பக்கத்தில் வந்தாள்.

"மிஸ், சவுண்டே கேக்கலயே மிஸ்?"

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அணை கட்டிவிட்டார்கள், இது வெயில் காலம், அந்தக் காலத்தில் வேறு மாதிரி இருந்தது என்று அளந்துவிட்டால் நம்பிவிடுவாள். எட்டாவது ‘பி’யில் அறுபது பேர் நம்பினார்களே. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். கடையை விட்டுவிட்டு, சுடுபாறையில் காலில் தட்டைக் கட்டிக்கொண்டு, என் வார்த்தையை நம்பி வந்து நிற்கிறாள்.

"நான் இங்க வந்ததே இல்லடி. இன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன். அன்னிக்கு உங்க கிட்ட சொன்னதெல்லாம் பொய்."

அவள் என்னையும் பள்ளத்தாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். என் கணவர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, இதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"அப்ப அந்த எரிமலை பாத்தேன்னு சொன்னீங்களே மிஸ்?"

"அதுவும் இல்ல."

"பனிமலை?"

"அதுவும் இல்ல."

"இன்னா மிஸ் நீங்க!" அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "நான் எத்தினி பேர் கிட்ட சொல்லிக்கீறேன் தெரியுமா? என் பொண்ணுக்குச் சொல்லிக்கீறேன். ஒம்போதாவது பரீட்சையில பள்ளத்தாக்கோட இயல்பு என்னான்னு கேட்டதுக்கு ‘காதைப் பொத்த வேண்டும்’னு எழுதி முட்டை வாங்கினேன். அப்பகூட நீங்க பொய் சொல்லியிருப்பீங்கன்னு நெனைக்கல. திருத்தினவருக்குத் தெரியலன்னுதான் நெனைச்சேன்."

"தப்புதாண்டி" என்றேன். "நீயே ஒரு தண்டனை குடு. செய்யறேன்."

அவள் தயங்கவே இல்லை. "நீங்க எங்களுக்குக் குடுப்பீங்களே மிஸ். பத்து தோப்புக்கரணம்."

விளிம்பை விட்டு நன்றாகப் பின்னால் வந்தேன். புடவையைத் தூக்கிச் செருகி, கையை மாற்றிக் காதைப் பிடித்து, தட்டுக் காலோடு உட்கார்ந்து எழுந்தேன். அவள் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினாள். மூன்றாவதில் என் முட்டி சத்தம் போட்டது. அன்று அந்தப் பள்ளத்தாக்கில் கேட்ட ஒரே பெரிய சத்தம் அதுதான்.

ஐந்தாவதில் நிமிர்ந்தபோது பார்த்தேன். கைடு தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும், அதற்கு அடுத்தவரும், பிறகு எல்லோரும். டீச்சரம்மா போடுகிறார்கள் என்றால் இந்த இடத்து வழக்கம் இதுதான் போலிருக்கிறது என்று நாற்பது பேரும் பள்ளத்தாக்கைப் பார்த்துக் காதைப் பிடித்துக்கொண்டு, சட் சட் என்று தட்டு அடிக்க, உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டார். என் கணவர் போடவில்லை. ஆட்டை விரட்டிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. என் மாணவிக்கும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அவளும் சிரித்தாள். கோபம் பாதி போயிருந்தது, முழுதும் போகவில்லை.

பத்தை முடித்துவிட்டு மூச்சு வாங்க விளிம்புப் பக்கம் போய் நின்றேன். இறங்கு வெயில் எதிர்ச் சுவரில் விழுந்து, பாறை இன்னும் சிவந்திருந்தது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அதற்குள் கைடு மணியைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். தரிசனம் முடிந்தது, வண்டி வந்துவிடும், திரும்ப வேண்டும் என்று அர்த்தம். எல்லோரும் தட்டைத் தட்டிக்கொண்டு திரும்ப ஆரம்பித்தார்கள். நானும் திரும்பினேன்.

என் மாணவி என் தோளைப் பிடித்து மறுபடி பள்ளத்தாக்கைப் பார்க்க நிறுத்தினாள். பிறகு அந்தக் கடைசி பெஞ்ச் குரலில், மொத்தக் கூட்டத்துக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"சார்! அஞ்சு நிமிசம் இரு சார்! எங்க மிஸ் இப்பதான் மொத தபா பாக்குறாங்க!"

பின்னால் சட் சட் என்ற தட்டுச் சத்தம் அப்படியே நின்றது. நாற்பது பேரும் என் முதுகைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. காது மடல் வரைக்கும் எனக்குச் சுட்டது. ஆனாலும் நான் திரும்பவில்லை. கொடுத்தது ஐந்து நிமிடம், அது முழுக்கப் பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.